நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா, வெளியே நேர்ந்த சிதைவா?

நடுப்பகுதி இல்லாத பத்து ரூபாய், விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்த ஐந்து ரூபாய், எழுத்து பாதி அழிந்த ஒரு ரூபாய் என்று 'எரர் காயின்' என்ற பெயரில் இணையத்தில் விலைக்கு வரும் நாணயங்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் உண்மையாகவே நாணயச்சாலையில் பிழைபட்டு வெளிவந்தவை சிலவே. மற்றவை புழக்கத்தில் அடிபட்டுத் தேய்ந்தவை, நெருப்பிலோ அமிலத்திலோ பட்டவை, அல்லது விற்பதற்கென்றே பட்டறையில் சிதைக்கப்பட்டவை. இவற்றைப் பிரித்தறிவதற்கு நெடுநாள் பழக்கம் உதவும் என்றாலும், அதைவிட அடிப்படையான வழி ஒன்று உண்டு. ஒரு நாணயம் எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து உருவாகிறது என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் குறை அவற்றுள் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும் என்று கேட்பதே அந்த வழி. எந்தக் கட்டத்திலும் பொருத்த முடியாத குறை, பார்வைக்கு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், வெளியே நேர்ந்த சிதைவுதான்.

நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வெட்டுக்கருவிகள் வட்டங்களைத் துண்டித்து எடுப்பது முதல் வேலை. அந்த வட்டங்கள் உலையில் சூடேற்றப்பட்டு மென்மையாக்கப்படுகின்றன. பிறகு விளிம்பைச் சற்றே உயர்த்தும் இயந்திரத்தில் உருண்டு வெளிவருகின்றன. இப்படித் தயாரான வில்லை, அச்சடிக்கும் பொறியில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு அச்சுகளுக்கு நடுவே போய் அமர்கிறது. சுற்றிலும் 'காலர்' எனப்படும் எஃகு வளையம் நிற்கிறது. அழுத்தம் விழும் அந்தக் கணத்தில் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி உருவங்களாகிறது. பக்கவாட்டில் விரிந்து காலரில் முட்டி நிற்கிறது. நாணயத்தின் வட்ட வடிவமும் பக்கவாட்டில் உள்ள பற்களும் காலர் தருபவை. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இந்திய நாணயச்சாலைகளிலும் வேலையின் சாரம் இதுதான்.

ஆகவே பிழைகள் மூன்று இடங்களில் தோன்றலாம்: வில்லையில், அச்சில், அடிக்கும் கணத்தில். இந்த மூன்றுக்கும் பொதுவான ஓர் உண்மையைச் சேகரிப்பாளர் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொறியின் அழுத்தத்தில் உலோகம் நாணயம் முழுவதிலும் ஒரே வேளையில் நகர்கிறது. ஓரிடத்தில் குறை இருந்தால் அதன் விளைவு பக்கத்திலும் எதிர்ப்புறத்திலும் மறுமுகத்திலும் தெரியும். வெளியே உளியாலோ அரத்தாலோ சுத்தியலாலோ செய்த காரியம் அந்த இடத்தோடு நின்றுவிடும். போலியைச் செய்பவருக்குக் குறையைச் செய்யத் தெரியும்; குறையின் பின்விளைவுகளைச் செய்வது அவருக்கு மிகக் கடினம்.

முதலில் எளிமையானதைப் பார்ப்போம். அச்சு தேய்ந்து விரிசல் விடும்போது அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும். அதனால் நாணயத்தின்மேல் அது புடைத்த கோடாகத் தெரியும். அச்சின் விளிம்புத் துண்டு ஒன்று உடைந்தே போனால் அந்த இடத்தில் உருவமோ எழுத்தோ இல்லாத ஒரு மேடு உண்டாகும். அந்த மேட்டுக்கு நேர் பின்புறம் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் மங்கியிருக்கும், ஏனெனில் அவற்றை நிரப்ப வேண்டிய உலோகம் இந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விட்டது. கத்தியோ ஆணியோ கீறிய கோடு இதற்கு மாறாகப் பள்ளமாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் கோட்டின் இருபுறமும் தள்ளுண்ட உலோகம் மெல்லிய வரப்பாக நிற்பதும் தெரியும். புடைப்பு என்றால் அச்சைச் சந்தேகி, பள்ளம் என்றால் வெளியே அடிபட்டதைச் சந்தேகி என்பது தொடக்கக்காரர்களுக்குப் போதுமான விதி. அதற்கு விதிவிலக்கும் உண்டு. அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ, கம்பியோ, உலோகத் துணுக்கோ சிக்கிக்கொண்டால் அதன் வடிவம் பள்ளமாகப் பதியும். ஆனால் அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தள்ளுண்ட வரப்பு இராது. தரை, அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத சமதளம், இயல்பான பளபளப்போடு பள்ளத்தின் ஓரம்வரை சமமாகச் செல்லும்.

விளிம்பில் பிறை வடிவில் குறைந்த நாணயம் அதிகம் விற்கப்படும் வகை, ஆகவே அதிகம் போலி செய்யப்படும் வகையும்கூட. தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மறுபடியும் இறங்கினால் இந்தக் குறை உண்டாகிறது. அப்படியானால் குறைந்த பகுதியின் வளைவு அதே மதிப்புள்ள நாணயத்தின் வளைவோடு ஒத்திருக்க வேண்டும். இன்னொரு நாணயத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். குறை வில்லையில் இருந்தபடியே அச்சடிக்கப்பட்டதால், அதன் அருகில் உள்ள எழுத்துகள் அந்தத் திறந்த பக்கம் நோக்கி இழுபட்டும் மெலிந்தும் இருக்கும். நாணயத்தின் விளிம்பும் அந்த இடத்தை நெருங்க நெருங்கச் சரிந்து மறையும். வெளியே வெட்டிய நாணயத்தில் எழுத்து முழு உயரத்தோடு வந்து, வெட்டு விழுந்த இடத்தில் சட்டென அறுபட்டு நிற்கும்.

இதைவிட நுட்பமான சான்று குறைக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் வில்லை இரு புறமும் அழுத்தப்பட்டு உருளுகிறது. குறைந்த பகுதி ஒரு பக்கம் வரும்போது அங்கே பிடிமானம் இல்லாததால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்புக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. ஆகவே அங்கே விளிம்பு மெலிந்தோ முற்றிலும் இல்லாமலோ காணப்படும். சேகரிப்பாளர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்று குறிப்பிடுகிறார்கள். எல்லா உண்மைப் பிழைகளிலும் இது தெளிவாகத் தெரிவதில்லை, ஆனால் தெரியும்போது ஏறத்தாழ ஐயமற்ற சான்றாகிறது. மற்றபடி, பழைய அலுமினியப் பைசாக்களில் காணப்படும் வெட்டுகளை நான் கூடுதல் ஐயத்தோடுதான் பார்ப்பேன். அந்த உலோகம் தகரம் வெட்டும் கத்தரிக்கே இணங்கிவிடும் அளவுக்கு மென்மையானது.

இருவுலோகப் பத்து ரூபாய் நாணயம் தனியாக விளக்க வேண்டியது, ஏனெனில் இன்று இந்தியாவில் சிதைவு பிழையாக விற்கப்படுவது இதில்தான் மிகுதி. 27 மில்லிமீட்டர் விட்டமும் 7.71 கிராம் எடையும் கொண்ட இந்த நாணயம் 2005ஆம் ஆண்டு பொறித்த வடிவத்தில் தொடங்கி, 2009 முதல் மக்கள் கைக்கு வந்தது. வெளி வளையமும் உள் வில்லையும் தனித்தனியாகவே பொறிக்குள் போகின்றன. அவற்றை ஒன்றாகப் பூட்டுவது அச்சடிக்கும் அழுத்தம்தான். அந்தக் கணத்தில் உள் வில்லை வெளிநோக்கி விரிகிறது, வளையம் உள்நோக்கி இறுகுகிறது, இரண்டின்மேலும் ஒரே அச்சு ஒரே முறையில் பதிகிறது. இந்த ஒரு செய்தியிலிருந்தே பெரும்பாலான வழக்குகளுக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும்.

நடுப்பகுதி இல்லாத வளையத்தை எடுத்துக்கொள்வோம். உள் வில்லை இல்லாமலேயே வளையம் மட்டும் அச்சடிக்கப்பட்டிருந்தால், உள்நோக்கி நகர்ந்த உலோகத்தைத் தடுக்க எதுவும் இருந்திருக்காது. துளையின் ஓரம் ஒழுங்கற்று உள்ளே பிதுங்கி, ஓரத்தை ஒட்டிய வடிவங்கள் பரவியிருக்கும். மாறாக, முழுமையாக உருவான நாணயத்திலிருந்து நடுப்பகுதியைத் தட்டி எடுத்திருந்தால், துளை கச்சிதமான வட்டமாக இருக்கும். அதன் உட்சுவரில் உள் வில்லையின் பக்கவாட்டு பதிந்த தடம் தெரியும். தட்டிய பக்கத்தில் கீறலும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறும் இருக்கும். விற்பனைக்கு வரும் வளையங்களில் நான் கண்டவை பெரும்பாலும் இரண்டாம் வகையே. வளையத்தில் எந்த அச்சும் பதியாமல் இருந்தால் அது அச்சடிக்கப்படாத வளையமாக இருக்கலாம், அதுவும் உண்மையான பிழைப் பொருளே.

உள் வில்லை திரும்பியிருக்கும் நாணயமும் அப்படித்தான். வளையத்தில் உள்ள எழுத்துகள் ஒரு நிலையிலும் நடுவில் உள்ள சிங்கத் தலைத்தூண் வேறொரு கோணத்திலும் நிற்கின்றன என்றால், அதை அரிய பிழை என்று மயங்க இடமுண்டு. ஆனால் இரண்டையும் ஒரே அச்சு ஒரே அடியில் பதித்தது என்பதால், நாணயச்சாலைக்குள் அப்படி நேர வழியே இல்லை. அச்சு முழுவதும் திரும்பியிருந்தால் வளையமும் நடுவும் சேர்ந்தே திரும்பும். ஆகவே தனியாகத் திரும்பிய நடுப்பகுதி என்பது கழற்றி மீண்டும் செருகியதற்கான சான்றாகும். உண்மையான பிழையில் உள் வில்லை துளையில் சரியாக அமராமல் ஒருபுறம் வளையத்தின்மேல் ஏறியபடி அடிபடும். அப்போது ஒரு பக்கம் வளையத்தின் உலோகம் நசுங்கிக் கிழிந்து, எதிர்ப்பக்கம் பிறை போன்ற இடைவெளி விழும். உலோகங்கள் இடம் மாறினாலும் வடிவம் மட்டும் அவற்றின் எல்லையைப் பொருட்படுத்தாமல் தொடர்ச்சியாக ஓடும். அந்தத் தொடர்ச்சியைத்தான் தேட வேண்டும்.

அடிக்கும் கணத்தின் பிழைகளில் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புவது 'புரோக்கேஜ்'. அடிக்கப்பட்ட நாணயம் வெளியேறாமல் ஒரு அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்து வந்த வில்லை அதன்மேல் மோதும். அந்த வில்லையின் ஒரு முகத்தில் வழக்கமான உருவம் இருக்கும்; மறுமுகத்தில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். முதல் அடியில் பதிந்தது தெளிவாகவும், அடுத்தடுத்த அடிகளில் ஒட்டிய நாணயம் விரிந்துகொண்டே போவதால் பின்னர் பதிந்தவை பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். இதைப் போலி செய்பவர்கள் இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 'வைஸ்' எனப்படும் பட்டறை இறுக்கியில் இறுக்குகிறார்கள், அல்லது சுத்தியலால் அடிக்கிறார்கள். ஆனால் அந்த நாணயத்தில் ஏற்கெனவே ஒரு முழு உருவம் இருந்தது, அது போவதில்லை. ஆகவே பள்ளமான தலைகீழ் எழுத்துகளுக்கு அடியில் பழைய வடிவம் நசுங்கிய நிலையில் தெரியும். மற்ற முகத்தின் மேடான பகுதிகளும் தட்டையாகியிருக்கும். உண்மையான முழுப் புரோக்கேஜில் அந்த முகத்துக்குரிய வழக்கமான வடிவத்தின் சுவடே இராது. இந்த வேறுபாட்டை ஒருமுறை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டவர் பின்னர் வைஸ் வேலையைக் கண்டு ஏமாறுவதில்லை.

வில்லை காலருக்குள் சரியாக அமராமல் ஒருபுறம் விலகி அடிபட்டால் 'ஆஃப் சென்டர்' நாணயம் பிறக்கிறது. அதில் வெற்றிடம் இரு முகங்களிலும் ஒரே பகுதியில் இருக்க வேண்டும், தடுக்கக் காலர் இல்லாததால் நாணயம் வட்டம் கெட்டு விரிந்திருக்கவும் வேண்டும். ஒரு முகம் மட்டும் விலகி மறுமுகம் நேராக இருந்தால், அது ஒரு அச்சு மட்டும் நடுவை விட்டு விலகி நின்றதன் விளைவு. தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய நாணயமும் விரிந்திருக்கும்தான், ஆனால் அதில் எழுத்துகள் ஒரே திசையில் இழுபட்டு மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். அச்சுபடாத வெற்றுப் பகுதி என்று எதையும் அதில் காட்ட முடியாது. அச்சு திரும்பிய பிழையைச் சோதிப்பது இன்னும் எளிது. இந்தியக் குடியரசு நாணயங்களில் இரு முகங்களும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும். இட வலமாகத் திருப்பினால் மறுமுகமும் நேராகவே தெரிய வேண்டும். சாய்ந்து தெரிந்தால் அச்சு திரும்பியிருக்கிறது என்று பொருள். ஒற்றை உலோக நாணயத்தில் இதை அடித்தோ நசுக்கியோ உண்டாக்க வழியில்லை என்பதால், இரண்டு நாணயங்களைப் பிளந்து ஒட்டிய பொருத்துத் தடம் பக்கவாட்டில் இல்லையெனில் நம்பலாம்.

எழுத்து காணாமற்போன நாணயங்கள் சிக்கலானவை. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து நாணயத்தில் ஏறாது. அந்த இடத்தின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தின் பளபளப்போடே இருக்கும், எழுத்தின் நிழல் போன்ற ஒரு தடமும் பெரும்பாலும் எஞ்சும். அரத்தால் நீக்கியிருந்தால் அங்கே இணைகோடுகள் தெரியும், தரை சற்றுத் தாழ்ந்திருக்கும், ஒளி படும் விதமும் மாறும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937இல் அடிக்கப்பட்ட மூன்று கால் எருமை ஐந்து சென்ட். அச்சில் விழுந்த தடத்தை நீக்குவதற்காக அளவுக்கு மீறித் தேய்த்ததில் எருமையின் முன்கால் ஒன்று அச்சிலிருந்தே மறைந்துவிட்டது. அதற்கு நல்ல விலை உண்டென்று தெரிந்ததும், சாதாரண நாணயத்தில் காலை அராவி எடுத்து விற்கும் வேலை பெருகியது. ஆனால் உண்மையான நாணயத்தில் எருமையின் வயிற்றுக்கு அடியிலிருந்து தரை நோக்கிப் புடைத்த புள்ளிகளின் வரிசை ஒன்று இறங்குகிறது. பின்கால் ஒன்றும் அரிக்கப்பட்டதுபோல் மெலிந்திருக்கிறது. அராவுவதால் உலோகத்தைக் குறைக்கலாமே ஒழிய, புதிதாகப் புடைப்பை உண்டாக்க முடியாது. அந்தப் புள்ளிகள்தான் இன்றுவரை போலிகளைக் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த நாணயம் இன்னொரு பாடமும் தருகிறது. அச்சில் உள்ள பிழை அந்த அச்சிலிருந்து வந்த எல்லா நாணயங்களிலும் அச்சுமாறாமல் திரும்ப வரும். 1955இல் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்ட இரட்டை எழுத்து லிங்கன் சென்டில், அச்சு தயாரிக்கும்போதே உருவம் இருமுறை இடம் தவறிப் பதிந்தது. ஆயிரக்கணக்கான நாணயங்களில் அதே இரட்டிப்பு அதே அளவில் காணப்படுகிறது. ஆகவே அச்சுப்பிழை என்று சொல்லப்படும் எதற்கும் இரண்டாவது எடுத்துக்காட்டைத் தேடுவது நல்லது. நம் நாணயங்களில் இரட்டை எழுத்து என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை இவ்வகை அல்ல. அடிக்கும் கணத்தில் தளர்ந்த அச்சு சற்று அசைந்ததால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படியாகத் தெரிபவை. உண்மை இரட்டிப்பில் இரண்டு உருவங்களும் உருண்டு நிமிர்ந்திருக்கும். அசைந்த அச்சின் தடமும் நாணயச்சாலைக்குள் நேர்ந்ததுதான், ஆனால் எங்கும் காணக்கூடியது என்பதால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க நியாயமில்லை.

கண்ணால் தீராத ஐயத்தைத் தராசு தீர்க்கும். இதற்குக் கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு மின்தராசு போதும். 2011 வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம். இரண்டு ரூபாய் அச்சு ஒரு ரூபாய் வில்லையில் விழுந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், வடிவம் ஓரங்களில் வெட்டுப்பட்டிருப்பதோடு எடையும் 3.79க்கு அருகில் இருக்க வேண்டும். எடை வேறெங்கோ நின்றால் அது அராவிச் சிறிதாக்கிய நாணயம். அமிலத்தில் ஊறிய நாணயமும் எடை குறைந்திருக்கும், ஆனால் அதில் விட்டமும் விளிம்பும் எழுத்தும் எல்லாம் ஒருசேர மெலிந்து மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். உண்மையிலேயே மெல்லிய தகட்டில் அடித்த நாணயம் முழு விட்டத்தோடு இருக்கும். உலோகம் போதாமையால் வடிவம் மட்டும் மங்கியிருக்கும்.

நிறம் மாறியதாகச் சொல்லப்படும் நாணயத்துக்குத் தராசோடு காந்தமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் செம்பைச் சேமிப்பதற்காக அமெரிக்கா 1943இல் சென்ட் நாணயங்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில பொறியில் தங்கியிருந்து அந்த ஆண்டின் அச்சில் அடிபட்டுவிட்டன. எஃகு நாணயம் 2.70 கிராம், காந்தம் ஈர்க்கும், வெண்கலம் 3.11 கிராம், ஈர்க்காது. எஃகின்மேல் செம்பு பூசிய போலியைக் காந்தமே பிடித்துவிடுகிறது. 1948ஆம் ஆண்டு நாணயத்தின் 8ஐ அராவி 3 ஆக்கிய போலிக்குக் காந்தமும் தராசும் உதவா. அங்கே எண்ணின் வடிவத்தைத்தான் ஒப்பிட வேண்டும், ஏனெனில் உண்மையான 3இன் வால் கீழே நீண்டு இறங்கும். நம் துருப்பிடிக்காத எஃகு நாணயங்களும் காந்தத்தில் ஒட்டுபவை. பொன்னிறத்தில் மின்னும் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் அது பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிதைவும் இல்லாமல் பிழையும் இல்லாமல் பிழையாக விற்கப்படுபவையும் உண்டு. ஆண்டுக்குக் கீழே உள்ள சாய்சதுரம் மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கின்றன. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய் சிலவற்றில் காணப்படும் 'எச்' எழுத்தும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டதைக் காட்டும் குறியே. 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி நினைவு நாணயமும் சட்டப்படி அடிக்கப்பட்ட சாதாரண நாணயமே. இவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை பேசி, முன்பணம் கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தத் தொடங்கியதால், பழைய நோட்டு, நாணய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் எந்தக் கட்டணமும் தரகும் கேட்பதில்லை என்றும் அந்த வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. விற்பதற்கென்று நாணயத்தைச் சிதைப்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும்: நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடைசெய்கிறது.

கையில் கிடைத்ததைச் சோதிக்கும்போது செய்யக்கூடாதது ஒன்றுதான், அதைத் தேய்த்துக் கழுவுவது. மேற்பரப்பின் பளபளப்பு, குறை விழுந்த இடத்தில் அது தொடர்கிறதா முறிகிறதா என்பது, நாம் படிக்க வேண்டிய முதன்மைச் சான்று; புளியோ பற்பசையோ அதை நிரந்தரமாக அழித்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியின்கீழ், பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி பிடித்து, அதே ஆண்டின் நல்ல நாணயம் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பதே போதுமானது. அப்படிப் பார்த்த பின்னும் தீராதவை இருக்கும்: நெடுங்காலம் புழங்கித் தேய்ந்த நாணயத்தில் உலோகம் நகர்ந்த சுவடுகளும் தேய்ந்துபோயிருக்கும். அத்தகையதைப் பிழை என்று விலை கொடுத்து வாங்காமல் இருப்பதே சரி. படத்தைப் பார்த்து வாங்குபவர் இரு முகங்களோடு பக்கவாட்டின் படத்தையும், தராசில் வைத்த எடையின் படத்தையும் கேட்டுப் பெற வேண்டும். வளையம் மட்டுமுள்ள பத்து ரூபாயானால் துளையின் உட்சுவரையும் காட்டச் சொல்ல வேண்டும்.